ஓட்டியவன் பெயர் எங்கே?

பழைய லாரிகளுக்கு இப்போது நல்ல காலம். மூக்கு நீண்ட டாடா பென்ஸ், ஃபார்கோ, டாட்ஜ், பெட்ஃபோர்டு, லேலண்டு காமெட் என்று புளியமரத்தடியில் துருவேறிக் கிடந்ததையெல்லாம் தேடிப் பிடித்து, பட்டறையில் விட்டு, தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, மாலை போட்டு நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும், எனக்கும் சந்தோஷம்தான். அந்த வண்டிகளைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கிறது. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் எல்லோரும் இன்னும் செத்துப்போய்விடவில்லை. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் முட்டி தேய்ந்து, காது மந்தமாகி, சர்க்கரை மாத்திரைக்கு மகன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். எங்களை எவரும் தேடி வரவில்லை.

சாயங்காலமானால் பைபாஸ் ஓரத்து டீக்கடையில் பழைய டிரைவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வேறு பேச்சு கிடையாது, வண்டிப் பேச்சுதான். 1954-இல் ஜெர்மன்காரனோடு சேர்ந்து டாடா ஜாம்ஷெட்பூரில் லாரி கட்ட ஆரம்பித்தது. முன் மூக்கில் மூணு கால் நட்சத்திரம் இருக்கும். பதினைந்து வருஷ ஒப்பந்தம் 1969-இல் முடிந்ததும் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டுத் தன் எழுத்தை மாட்டியது. நாங்கள் மட்டும் அதற்குப் பிறகும் ரொம்பக் காலம் டாடா பென்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். லேலண்டு நம்ம எண்ணூர்ச் சரக்கு. 1948-இல் ஆஸ்டின் கார் பூட்ட ஆரம்பித்த கம்பெனிதான் 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. லேலண்டு ஓட்டியவர் இழுவையைப் பற்றிப் பேசுவார், டாடா ஓட்டியவர் மைலேஜைப் பற்றிப் பேசுவார். ஃபார்கோவை ஹாண்டில் போட்டுச் சுற்றியபோது திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்த கதையை எங்கள் கூட்டத்து மூத்தவர் சொல்வார். எத்தனையோ தடவை கேட்ட கதை. இருந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த வளைந்த மணிக்கட்டை நீட்டிக் காட்டுவார், நாங்களும் ஒவ்வொரு தடவையும் பார்ப்போம்.

அந்தக் கால வண்டியை ஓட்டுவது என்றால் என்ன என்று இந்தத் தலைமுறைக்குத் தெரிய வேண்டும். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்ப எழுந்து நின்று தோளைக் கொடுக்க வேண்டும். கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச். மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, கீழ்க் கியருக்கு என்றால் ஒரு தட்டு ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போட வேண்டும். காது ஏமாந்தால் கியர் பல்லைக் கடிக்கும், உள்ளே விழாது. மலை இறக்கத்தில் கியர் விழாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டயல் பார்த்து ஓட்டவில்லை நாங்கள். பாதத்தில் ஏறும் அதிர்வையும் காதில் விழும் உறுமலையும் வைத்துத்தான் ஓட்டினோம். இன்று என் இடது காது கேட்காததற்கு அந்த உறுமல்தான் காரணம்.

இடது காலும் அப்படித்தான். மூக்கைக் குறுக்கி இன்ஜினைக் கேபினுக்குள் கொண்டுவந்த வண்டிகளில், டிரைவருக்கு இடப்பக்கம் ஒட்டியே இன்ஜின் மூடி இருக்கும். மே மாதம் விஜயவாடா தாண்டும்போது அந்த மூடியில் கை வைக்க முடியாது. சாக்கை நனைத்துப் போடுவோம், பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். கிளட்ச் மிதிக்கிற கால் அதன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். என் இடது கெண்டைக்கால் தோல் இன்றைக்கும் வேறு நிறம். முடி முளைக்காது, கிள்ளினால் தெரியாது. டாக்டர் கேட்டார், "எப்போங்க ஐயா தீக்காயம் பட்டுச்சு?" என்ன தேதி சொல்வது? தினம் கொஞ்சமாகப் பட்ட காயம்.

சேசிஸ் ஓட்டி வந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்போது லாரி முழு வண்டியாக வராது. ஜாம்ஷெட்பூரிலிருந்து சட்டமும் இன்ஜினும் சக்கரமும் மட்டும்தான். கேபின் இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. நாமக்கல் பக்கத்துப் பட்டறைக்கு வந்த பிறகுதான் மரமும் தகரமும் வைத்துக் கேபின் கட்டுவார்கள். அதுவரைக்கும், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் சாக்கை மடித்து உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வர வேண்டும். மழை என்றால் முழு மழையும் நம்மேல்தான். பனி என்றால் விரல் மரத்து ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கொண்டுவந்து சேர்த்த சேசிஸ்களின் மேல்தான் இன்று "இந்தியாவின் லாரி நகரம்" என்று பெருமை பேசுகிற ஊர்கள் எழுந்து நிற்கின்றன. அந்தப் பெருமையில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டால் எவரிடமும் பதில் இல்லை.

என் மனம் கொதிப்பது இதற்குத்தான். வண்டியின் வாழ்க்கை முழுவதும் எழுத்தில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், எந்தத் தேதியில் யார் வாங்கினார், யாருக்கு விற்றார், எந்த வங்கியில் கடன், எல்லாம் இருக்கும். வருஷா வருஷம் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், வரி ரசீது. ஒரு டயர் மாற்றினால் அதற்கும் முதலாளி நோட்டில் ஒரு வரி. வாலிபத்தையும் நடு வயதையும் அதே வண்டிகளில் கழித்த நான் ஒரு நாளாவது வேலை பார்த்தேன் என்பதற்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சம்பளச் சீட்டு கொடுத்ததில்லை. நியமனக் கடிதம் என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. பேட்டா கையில், சம்பளம் கையில், திட்டும் நேருக்கு நேர்.

ஒரு கிளீனர் பையனைச் சொல்கிறேன். எடப்பாடிப் பக்கம், மீசை அரும்பாத வயது. திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய பழைய வண்டி ஒரே வீச்சில் திரும்பாது, பின்னுக்கு எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் கிளீனர் இறங்கிக் கையில் கட்டையோடு பின் சக்கரத்தை ஒட்டியே ஓடி வருவான். வண்டி நின்ற கணத்தில் சக்கரத்துக்கு அடியில் கட்டை விழ வேண்டும். பிரேக்கை நம்பி மலை ஏறிய காலமில்லை அது, கட்டையையும் கிளீனரையும் நம்பி ஏறினோம். அன்றைக்கு மண் ஈரம். வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது, கட்டையோடு சேர்த்து அவன் வலது கையையும் சக்கரம் வாங்கிக்கொண்டது. அவன் கத்தவில்லை. "அண்ணா, வண்டிய எடுக்காதீங்க, எடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னான். முன்னால் எடுத்தால் கை வரும், அதற்குள் வண்டி இன்னும் நழுவிவிடுமோ என்று எங்கள் உயிரை நினைத்துச் சொன்னான் அந்தப் பையன். சத்தியமங்கலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்று விரல் போனது.

முதலாளி வந்தார். கொஞ்சம் பணம் கொடுத்தார். பையனின் அம்மா நஷ்டஈடு என்று வாயெடுத்ததும் அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "நம்ம வண்டியில இவன் வேல பாக்கறதா எங்கீங்க எழுத்துல இருக்குது?"

எழுத்தில் இல்லைதான். அவன் விரல் போனது எழுத்தில் இல்லை என்பதால் பொய்யாகிவிடுமா?

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். இருந்தது. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, சம்பளத்தோடு விடுப்பு, சீருடை, தங்குமிடம் எல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் ஐந்து தொழிலாளர்களோ அதற்கு மேலோ வைத்திருந்த நிறுவனத்துக்குத்தான் அது தானாகச் செல்லுபடியானது. எங்கள் பக்கம் லாரித் தொழில் எப்படி நடந்தது என்று எவரையும் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு வண்டி, இரண்டு வண்டி. அதிகம் இருந்தால் ஒன்று மனைவி பெயரில், ஒன்று மச்சான் பெயரில், ஒன்று மைனர் மகன் பெயரில். எல்லாம் நிற்பது ஒரே ஷெட்டில். பேப்பரில் மட்டும் ஐந்து பேர் சேரவே மாட்டார்கள். பி.எஃப். கேட்டால் 20 பேர் இருக்க வேண்டும் என்றார்கள், இ.எஸ்.ஐ. கேட்டால் 10 பேர் என்றார்கள். ஒரு லாரியில் ஒரு டிரைவர், ஒரு கிளீனர். இரண்டு பேருக்கு மேல் நாங்கள் எங்கே போவது? லாரித் தொழிலில் யாருக்காகச் சட்டம் போட்டார்களோ அவர்களில் பெரும்பாலோரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போட்ட சட்டம் அது.

நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டாவது டிரைவரின் லைசென்ஸ் நகல் டேஷ்போர்டில் கிடக்கும், ஆள் இருக்க மாட்டான். செக்போஸ்ட்டில் கேட்டால் "டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்று சொல்லி மாமூல் வைக்க வேண்டும். அந்தப் பொய்யையும் நாங்கள்தான் சொன்னோம், அந்தப் பணத்தையும் எங்கள் கையால்தான் கொடுத்தோம், ராத்திரி முழுக்கக் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு இரண்டு பேர் வேலையையும் நாங்கள்தான் பார்த்தோம். கடைசியில் 2018-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். நடைமுறைக்கு ஒத்துவரவில்லையாம். தூக்கம் மட்டும் ஒத்துவராமல் போகுமா மனுஷனுக்கு?

பாரமும் அப்படித்தான். 1210 என்று டாடா ஒரு மாடல் விட்டது. 12 என்றால் வண்டியும் சரக்கும் சேர்த்து 12 டன் என்று கணக்கு. அதில் சரக்கு மட்டுமே அதைத் தாண்டும். சேலத்து ஜவ்வரிசி வடக்கே போகும், திரும்பும்போது பிலாய் இரும்போ நாசிக் வெங்காயமோ. ஏற்றுகிறவர் வியாபாரி, வாடகை வாங்குகிறவர் முதலாளி, பாதி ராத்திரியில் எடைமேடையில் கையெடுத்துக் கும்பிடுகிறவன் டிரைவர். "லைசென்ஸ எடுடா" என்பான் மகன் வயதுக் காவலர். சரக்கு குறைந்தால் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். டீசல் கூடினாலும் எங்கள் சம்பளத்தில் பிடிப்பார்கள். தொப்பூர் கணவாயில் ஏன் இத்தனை வண்டி கவிழ்கிறது என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் டிரைவரின் கவனக்குறைவைப் பற்றியே பேசுகிறார்கள். மைலேஜ் குறைந்தால் காசு போய்விடும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவனும் டிரைவர்களில் உண்டு. நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல், பிரேக் சூடேறினால் பிடிப்பு போய்விடும். அவனை அப்படி விடச் சொன்ன கணக்கு நோட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று எந்த விசாரணையும் கேட்டதில்லை.

விபத்து என்றால் என் நெஞ்சு இன்றைக்கும் படபடக்கும். ஆந்திராவில் ஒரு ஊர் முனையில் குறுக்கே வந்த இருசக்கர வண்டிக்காரர் செத்துப்போனார். நான் இறங்கி ஓடவில்லை. கூட்டம் அடித்தது, வாங்கிக்கொண்டேன். 304ஏ பிரிவில் வழக்கு. வண்டியை இன்சூரன்ஸ் காட்டி இரண்டே வாரத்தில் மீட்டுக்கொண்டு போனார்கள். என்னை மீட்க எவரும் வரவில்லை. பாஷை தெரியாத கோர்ட்டுக்கு வருஷக்கணக்கில் வாய்தா வாய்தாவாகப் போனேன். போகிற நாளெல்லாம் வேலை இல்லை, வேலை இல்லாத நாளுக்குக் காசு இல்லை. கடைசியில் என் மேல் குற்றமில்லை என்று விடுதலை செய்தார்கள். அதற்குள் மனைவியின் தாலிக்கொடி போய்விட்டது. இப்போது புதிய சட்டத்தில், விபத்தில் ஆள் இறந்து, சொல்லாமல் ஓடிப்போனால் பத்து வருஷம் வரை சிறை என்று எழுதினார்கள். 2024 ஜனவரியில் வடக்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தியதும் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடுவது தப்புத்தான். நின்றவனை அடித்துக் கொல்லாமல் காப்பாற்ற ஒரு வழி செய்துவிட்டு அதை எழுதியிருக்கலாம்.

1991 டிசம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி கர்நாடகத்தில் கலவரம். தமிழ்நாட்டு நம்பர் பலகை இருந்தாலே போதும், வண்டியை எரிப்பார்கள் என்ற நிலை. எங்கள் ஆட்கள் வண்டியை விட்டுவிட்டுக் கரும்புக் காட்டுக்குள் படுத்துக் கிடந்தார்கள். 2016 செப்டம்பரில் அதே நெருப்பு மறுபடியும். எரிந்த லாரிக்காகப் பேச உரிமையாளர் சங்கம் இருந்தது. இடுப்பு வேட்டியோடு எல்லை வரைக்கும் நடந்து வந்தவனுக்காக எவர் பேசினார்?

இன்னொன்றைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, இருந்தும் சொல்லத்தான் வேண்டும். எய்ட்ஸ் வந்த காலம். எங்கள் ஊர்ப் பெயரையே அந்த நோயின் பெயராக ஆக்கினார்கள். லாரி நிறுத்தத்தில் முகாம் போட்டார்கள், சுவரெல்லாம் எழுதினார்கள். விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, அதைச் செய்தவர்களைக் கும்பிடுகிறேன். எங்கள் கூட்டாளிகளில் சிலர் அந்த நோயில்தான் போனார்கள், அவர்கள் மனைவிமார் பட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் லாரி டிரைவர் என்றாலே அந்தக் கண்ணோடு பார்க்கிற பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அப்பா என்ன பண்றாருங்க?" என்று கேட்டு, பதில் கேட்டதும் காபி டம்ளரைத் தொடாமல் எழுந்து போனார்கள். நாங்கள் மாதக்கணக்கில் வீடு திரும்ப முடியாமல் போனது எதனால்? ஒரு லோடு இறக்கினால் அடுத்த லோடுக்கு வண்டியை அங்கேயே காக்க வைத்தது யார்? படுக்க இடமில்லாமல், குளிக்கத் தண்ணீரில்லாமல், மனுஷ முகம் பார்க்காமல் மாதம் முழுக்கத் தார்ப்பாய்க்குக் கீழே எங்களைப் போட்டு வைத்த தொழிலைப் பற்றி அந்தச் சுவர்களில் ஒரு வரி எழுதவில்லை. பழி முழுவதும் எங்கள் இடுப்புக்குக் கீழே வந்து விழுந்தது.

2025-இலிருந்து செய்கிற புது லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டிருக்கிறது. என் பேரன் வயதுப் பையன்கள் குளிர்ச்சியில் உட்கார்ந்து ஓட்டட்டும், மனசார வாழ்த்துகிறேன். ஆனால் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எங்கள் மூத்தவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இத்தன வருசமா நாம வெந்தது அவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துருக்குது" என்றார். ஒருவரும் பதில் பேசவில்லை.

இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஓட்டுநர்களுக்கு நலவாரியம் வைத்திருக்கிறீர்கள். அதில் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். நலவாரியம் வந்த சேதி எங்களில் பலருக்கு எட்டியபோது 60 தாண்டிவிட்டது, எட்டியபோது ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கோ அலுவலகம் போக ஒரு நாள் லீவு கிடையாது. இப்போது போய்க் கேட்டால் வேலை பார்த்ததற்குச் சான்று கொண்டு வா என்கிறார்கள். முதலாளி கையெழுத்துப் போட மாட்டார், போட்டால் பழைய பாக்கியெல்லாம் கேட்பான் என்று பயம். பாதி முதலாளிகள் உயிரோடும் இல்லை.

சான்று எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. கனரக லைசென்ஸை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தோம். ஒவ்வொரு தடவையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று, கண் பரிசோதனை காட்டி, பணம் கட்டி, கையெழுத்துப் போட்டோம். பிழைப்புக்கு லாரி ஓட்டாதவன் எவனாவது ஆயுசு முழுக்க அதைச் செய்வானா? அந்தப் பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். அதையே வேலைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள். 60 வயது தாண்டியவர்களுக்கும் ஒரு தடவை கதவைத் திறந்து பதிவு செய்யுங்கள். இத்தனை பேர் இருந்தால்தான் சட்டம் என்பதை எடுத்து, ஒரே ஒரு டிரைவர் இருந்தாலும் சட்டம் என்று எழுதுங்கள். அது எங்களுக்குப் பயன்படாது, இன்று ஸ்டியரிங்கில் இருக்கிறவனுக்குப் பயன்படும். விரல் போன அந்தப் பையனுக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இடது கையால் தள்ளுவண்டியில் நிலக்கடலை வறுக்கிறான். முதலில் அவன் பெயரை எழுதுங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். போன மனுவுக்கு "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். வருகிற திங்களும் போகிறோம், நடக்க முடிகிறவர்கள் முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு.